சினச் சுங்கம்

இதனால் புதுக்காங்கயம் குடியேற்றத்தில் மூச்சுவிடும் பொதுமக்கள் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக மகத்தான நாள் இந்நாளே ஆகும். செவ்வாய்க் கோளின் முதல் சுங்க விரைவுவழி இன்று நல்ல ஓரையில் திறந்து வைக்கப்படுகிறது. இவ்வழியே செல்வோர் காசு பணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. உடல்நலத்தைக் கெடுப்பதும், குடும்பங்களைப் பிரிப்பதும், யாருக்கும் ஒரு பயனும் இல்லாததுமான ஒரே ஒரு பொருளைச் செலுத்தினால் போதும். அது தங்களுடைய கோபம்.

அறிவிப்பு வந்து ஓராண்டு ஓடிவிட்டது. இப்போது கிட்டுசாமி ஆள் சேர்த்து ஓட்டும் பங்கு வண்டி சுங்கச்சாவடியில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் சிவப்பு விளக்கு. உள்ளே இருந்தவர்கள் அவசர அவசரமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள்.

"நம்ம கல்யாணப் பந்தியில உங்க அக்கா எனக்குப் போட்டது ஓட்டை இலைங்க," என்றாள் துளசிமணி, பக்கத்தில் இருந்த கணவரிடம்.

"அது எந்தக் காலத்துலீங்," என்றார் சென்னியப்பன். "அந்தப் பந்தல்காரனே செத்துப் போயிட்டானுங்."

"ரசம் முச்சூடும் என்ர பட்டுச்சேலை மேல ஓடுச்சுங்களே. உங்களுக்கென்ன, நீங்க வடையைத் தின்னுட்டு இருந்தீங்க."

விளக்கு பச்சையானது. "போதுமுங், எடுத்துக்கிச்சு," என்றார் கிட்டுசாமி. வண்டி நகர்ந்தது. துளசிமணி முந்தானையால் கணவரின் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

ஏற்பாடு எளிமையானது. புதுக்காங்கயத்தில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் காதின் பின்புறம் மிளகாய் விதை அளவில் ஒரு செவிமணியைப் பதிப்பார்கள். பேசுவதும் கேட்பதும், இழுக்கும் மூச்சுக்குக் கணக்கு வைப்பதும் அதன் வேலை. சுங்கச்சாவடியில் பீரோ உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி நின்றது. சினவுறிஞ்சி என்று பெயர். அது செவிமணி வழியாக ஆளின் கோபத்தை இழுத்து மின்சாரமாக்கிச் சாலை விளக்குகளை எரிய வைக்கும் என்று விரைவுவழி வாரியம் விளக்கியிருந்தது. பச்சை எரிந்தால் சுங்கம் கட்டியாயிற்று. சிவப்பு எரிந்தால் கோபம் போதவில்லை என்று பொருள். சாதுவான ஆட்கள்தான் பாவம், சாவடியில் மாட்டிக்கொண்டு மைத்துனர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார்கள்.

வண்டியின் கடைசி இருக்கையில் இருந்த சிந்தாமணிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவளிடம் கோபம் எப்போதும் கையிருப்பில் இருந்தது.

அவள் வீடும், அவளுடைய ஐந்து மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகமும் காற்றடைத்த கிழக்குக் குமிழில் இருந்தன. வேலை பார்த்த பாசிப்பண்ணை மேற்குக் குமிழில். இரண்டு குமிழ்களுக்கும் நடுவே முன்பு ஒரு நடைக்குழாய் இருந்தது. வெற்றிலை மடித்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கினால், சாறு இறங்குவதற்குள் அடுத்த பக்கம் போய்விடலாம். பண்ணையில் பிள்ளை பெற்ற பெண்கள் மதியம் மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருவார்கள். அந்தக் குழாயின் தலைமேல்தான் விரைவுவழி வந்தது. குழாயை அடைத்துவிட்டார்கள். இப்போது எதிர்க்குமிழுக்குப் போகவேண்டுமென்றால் தெற்கே கரடு என்னும் சிறு குன்று வரைக்கும் வண்டியில் போய், சாவடியில் சுங்கம் கட்டி, வளைந்து திரும்பி, இன்னொரு சாவடியில் மறுபடியும் கட்டி வரவேண்டும். மதிய இடைவேளை முதல் சாவடியிலேயே முடிந்துவிடும். பண்ணையின் சன்னல் வழியே காப்பகத்தின் கதவு தெரிந்தது. மார்பில் பால் கட்டிக்கொண்டு அவள் அதைப் பார்த்தபடி வேலை செய்தாள்.

வாரிய அலுவலகத்துக்கு மூன்று முறை போனாள். அது கரட்டுச் சாவடியை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு முறையும் வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போவாள். சாவடி தாண்டியதும் எல்லாம் உதிர்ந்துவிடும். அதிகாரி மெய்யரசு நாற்காலியைக் காட்டி, "சொல்லுங்க மேடம்," என்பார். "ஒண்ணுமில்லைங்க, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க," என்று அவர் தரும் டீயைக் குடித்துவிட்டு வருவாள். அவள் மட்டுமா? குழாய் மீட்புக் குழு என்று ஒன்று கண்டனம் முழங்கப் புறப்பட்டுப் போய், அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பியது. "என்ன பண்றதுங், மிசினு எல்லாத்தையும் உறிஞ்சிப்போடுது," என்று குழுத் தலைவர் விளக்கம் சொன்னார். அறிவியலை எதிர்த்து யார் பேச முடியும்.

அன்று மாலை காப்பகத்தின் தாதி எந்திரம் குழந்தையைக் கையில் கொடுக்கும்போது வாழ்த்துத் தெரிவித்தது.

"தங்கள் குழந்தை பகலில் அழுவதை நிறுத்திவிட்டது. அழுதால் யாரும் வருவதில்லை என்பதைக் கண்டறிந்துள்ளது. வயதுக்கு மீறிய கற்றல் திறன். எடை மட்டும் குறைகிறது, பொடிப்பாலைத் துப்புகிறது."

சிந்தாமணி பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா அவளைப் பார்த்தது, அறிமுகம் இல்லாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல.

மறுநாள் பாப்பாவைக் காப்பகத்தில் விட்டபின் அவள் வண்டி ஏறவில்லை. பண்ணையில் அணியும் காப்புடையை மாட்டிக்கொண்டு, காற்றுக்கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு, குமிழின் பின்கதவு வழியாகச் செவ்வாயின் மண்ணில் இறங்கி நடந்தாள். சட்டத்தில் தடை ஒன்றும் கிடையாது. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் வண்டிகள் விர்விர்ரென்று போயின. உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியில் முகம் வைத்து அவளை வேடிக்கை பார்த்தார்கள். தளும்பும் குடத்தைச் சுமப்பவள்போல அவள் தன் கோபத்தைச் சிந்தாமல் கொண்டுபோனாள். கால் தளர்ந்தபோதெல்லாம் தாதியின் வாழ்த்தை ஒருமுறை நினைத்துக்கொண்டாள்.

மாலையில் அவள் அலுவலகக் கதவைத் திறந்த வேகத்தில் மெய்யரசு எழுந்து நின்றுவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். செம்மண் கோப்புகளின் மேல் கொட்டியது.

"மேடம், நீங்க ரோட்டுல வரலையா?"

"நடந்து வந்தேனுங்க. என்ர கோவத்தை நானே கொண்டாந்திருக்கறனுங்க. டீ வேண்டாமுங்க. ஒண்ணு, அந்தக் குழாயைத் தொறந்து விடுங்க. இல்லாட்டி, ஒரு வருசமா எங்கிட்ட உறிஞ்சினதையெல்லாம் திருப்பிக் குடுங்க. எம்பட பாப்பா அழுகறதை மறந்துபோச்சுங்க."

ஒரு வருடமாக அந்த அறைக்குள் யாரும் குரலை உயர்த்தியதில்லை. கோபக்காரர்களை எப்படிக் கையாள்வது என்று வாரியம் அவருக்குப் பயிற்சியும் கொடுக்கவில்லை. அதனால் அரசு அதிகாரி ஒருவர் செய்யக்கூடாத காரியத்தை மெய்யரசு செய்தார். உண்மையைச் சொன்னார்.

"திருப்பித் தர எங்ககிட்ட எதுவும் இல்லை, மேடம்."

"தீந்துபோச்சுங்களா?"

"எடுக்கவே இல்லை." அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சாவடியும் அலுவலகமும் ஒரே சிறு குமிழுக்குள் இருந்ததால் காப்புடை தேவைப்படவில்லை. சினவுறிஞ்சியின் கதவைத் திறந்தார்.

உள்ளே காவலாளியின் சாப்பாட்டுத் தூக்கும், உலரப் போட்ட ஒரு துண்டும் இருந்தன. வேறொன்றும் இல்லை. ஒரு கம்பிகூட இல்லை.

"மிஷின் பூமியிலிருந்து வரணும். நிலாவுல சுங்கத்துல நிக்குது. திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு, அதனால பெட்டியை மட்டும் வச்சோம்."

"விளக்கு சிவப்பாகுதுங்களே."

"அது வண்டிகளைத் தேக்கி விடறதுக்கு. தானா மாறும்."

சிந்தாமணி இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப, மூணு வாட்டி வந்து உங்ககிட்ட டீ குடிச்சுட்டுப் போனது யாருங்க?"

"எங்களுக்கும் அதுதான் புரியலை. முதல் வாரம் கலவரம் வரும்னு நான் கதவைப் பூட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், மேடம். பொன்னாடையோட வந்தாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "பத்துப் பேர் ஒண்ணா வந்து கோபமா கேட்டா குழாயைத் திறந்தே ஆகணும். ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்கலை."

பத்துப் பேர். சாவடியில் வண்டிகள் வால்போல நீண்டு நின்றன. சிந்தாமணி ஓடினாள். முதலில் நின்றது கிட்டுசாமியின் வண்டி. கதவைத் தட்டி எல்லோரையும் இறக்கினாள். பின்வண்டிகளில் இருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். திறந்து கிடந்த பெட்டியைக் காட்டி நடந்ததையெல்லாம் சொன்னாள். பாப்பாவைப் பற்றியும் சொன்னாள்.

கிட்டுசாமி பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். துண்டைத் தூக்கி அதன் அடியிலும் பார்த்தார்.

"அப்ப எங்க கோவமெல்லாம் எங்க போச்சுங்?" என்றார் சென்னியப்பன்.

"உங்ககிட்டயேதான் இருக்குதுங்க. பத்துப் பேர் வாங்க போதும். அந்த ஆபீசு இதா இங்க இருக்குதுங்க."

துளசிமணி மார்பில் கைவைத்துத் தடவிப் பார்த்தாள். "எங்கிட்ட இல்லையே அம்மிணி," என்றாள் திகைப்போடு. "தேடிப் பாத்துட்டேன்."

"இருந்தாலும் இது அநியாயமுங்," என்று சென்னியப்பன் தொடங்கியதும் சிந்தாமணி நிமிர்ந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு வருசமா மிசினே இல்லாம ரோடு ஓட்டறாங்க பாருங். சீக்கிரம் கொண்டாந்து வைக்கச் சொல்லி நாம ஒரு மனு குடுக்கோணும்."

கூட்டம் அதை ஆமோதித்தது. விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்பின. எல்லோரும் திரும்பிப் போய் ஏறினார்கள்.

"ஏறு அம்மிணி," என்றார் கிட்டுசாமி, மெல்ல. "காப்பகம் பூட்டற நேரமாச்சு."

நடந்து போனால் பாப்பா இருட்டில் தாதியோடு இருக்கும். சிந்தாமணி அலுவலகத்தைப் பார்த்தாள். மெய்யரசு வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பேர் குறைவு என்பதுபோல் கைகளை விரித்தார். அவள் ஏறினாள். நாளைக்கு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுவது என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தாள். எண்ண எண்ணக் கோபம் தொண்டைவரை ஏறி நின்றது.

இரண்டாவது சாவடியில் சிவப்பு எரிந்தது. பக்கத்தில் அதேபோல் ஓர் இரும்புப் பெட்டி. காலி என்று அவளுக்குத் தெரியும். அதையே உற்றுப் பார்த்தாள்.

பச்சை எரிந்தது. அவளை அறியாமல் ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. மார்பில் இருந்த பாரம் இறங்கியது. தோள்கள் தாமாகத் தளர்ந்தன.

"லேசா இருக்குதுங்ணா," என்று கிட்டுசாமியிடம் சொன்னவள், சொன்னது தன் வாய்தானா என்று விரல்களால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் அவள் எந்தக் கதவையும் தட்டவில்லை. குழந்தை இப்போது பொடிப்பால் குடிக்கிறது.