கங்கா வீட்டுக் கடல்

மட்டாஞ்சேரியில் சுக்கு மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தச் சந்தில் போய் யாரிடம் கேட்டிருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்: "கடல் பாக்கணுமா? போர்ட் கொச்சிக்கு எதுக்குப் போறீங்க? நேரே போங்க. வாசல்ல மாடு கட்டியிருக்கும். அந்த வீடுதான்."

அதுதான் கங்காவின் வீடு.

முன்னறையில், ஜன்னலை ஒட்டி, ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் அசல் கடல் தண்ணீர். அடியில் வெள்ளை மணல். மணல் மேல் லட்சத்தீவிலிருந்து வந்த பவளப்பாறைத் துண்டுகள். பாறை இடுக்கில் ஒரு கடல் சாமந்தி.

பெயரைக் கேட்டு அதைப் பூ என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் உயிர் உண்டு, பசி உண்டு. நிறைய விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். மற்ற மீன் பக்கத்தில் வந்தால் சுருக்கென்று கொட்டிவிடும். ஆனால் ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக இரண்டு கோமாளி மீன்கள் மட்டும் அந்த விரல்களுக்கு நடுவே மெத்தையில் படுத்த மாதிரி சுகமாகக் கிடக்கும்.

கங்காவின் அப்பா சங்கிலிப்பாண்டி லட்சத்தீவுக் கப்பலில் சமையல்காரர். கப்பலில் மற்றவர்கள் மீனைக் குழம்பு வைக்கக் கொண்டுபோவார்கள். குழம்பு வைக்கிற அவரோ மீனை வளர்க்கக் கொண்டுவந்தார். கண்ணாடியை அளந்து வெட்டி வாங்கி, பசை போட்டு ஒட்டி, காற்றுக் குமிழி விடும் சின்ன மோட்டாரும் வைத்து, அந்தத் தொட்டியை அவரே செய்தார். கூடவே நின்று எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தவள் கங்கா.

மாலையானால் சந்துப் பிள்ளைகள் வாசலில் வரிசை கட்டுவார்கள். கங்கா பஸ் கண்டக்டர் மாதிரி உள்ளே விடுவாள்.

"தள்ளாம வாங்க! கண்ணாடியத் தட்டாதே! தட்டுனா அதுக்குத் தலை வலிக்கும்."

"மீனுக்கு ஏதுடி தலைவலி?" என்று எவனாவது கேட்டால், "உனக்கு அது சொல்லிச்சா, இல்லைன்னு?" என்று வாயை அடைத்துவிடுவாள். தன் வீட்டில் ஒரு கடல் இருக்கிறது என்ற பெருமை அவள் நடையிலேயே தெரியும்.

மழைக்காலம் தொடங்கியபோது அப்பா கப்பலுக்குப் புறப்பட்டார்.

"ஏட்டி கங்கா, இந்தத் தடவை திரும்பி வர நாளாகும். வாராவாரம் ரெண்டு வாளி பழைய தண்ணிய எடுத்துட்டு, ரெண்டு வாளி புதுக் கடல் தண்ணி ஊத்தணும். செய்வியா?"

"செய்வேன்ப்பா."

"என் மக பாத்துக்கிடுவா!" என்று சந்து முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டு அவர் போனார். கங்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

அடுத்த வீட்டு முகமது இஸ்மாயில் அவள் வகுப்புத்தான். அவனிடம் சைக்கிள் இருந்தது. இரண்டு பேரும் கேனைக் கட்டிக்கொண்டு போர்ட் கொச்சிக் கடற்கரைக்குப் போவார்கள். அப்பா எப்போதும் எடுக்கும் அதே இடத்தில் தண்ணீர் எடுத்து, துணியில் வடிகட்டி, தொட்டியில் ஊற்றுவார்கள். வாரம் தவறியதே இல்லை.

மழையும் தவறவில்லை. பிடித்தது பிடித்தபடி பெய்தது. அப்படிப் பெய்த ஒரு வாரத்துக்குப் பிறகு, ஒரு நாள் காலையில் கங்கா தொட்டியைப் பார்த்துவிட்டு, "அம்மா!" என்று கத்தினாள்.

கடல் சாமந்தி விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வதங்கிய கத்தரிக்காய் போலச் சுருண்டு கிடந்தது. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒதுங்கி, வாயைத் திறந்து திறந்து மூடின.

அன்று மாலை பிள்ளைகள் வந்தபோது அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள். "இன்னைக்குக் கடல் லீவு" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மீன்கள் செத்துப்போனால் அப்பா திட்டமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிள்ளைகள் போனபிறகும் இஸ்மாயில் போகவில்லை.

"மோட்டார் ஓடுதா?"

"ஓடுது."

"தீனி போட்டியா?"

"போட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல." கங்கா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ தண்ணியிலதான் ஏதோ இருக்கு."

கேனில் மீதி இருந்த தண்ணீரை இரண்டு பேரும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்கள்.

"உப்பாத்தானே இருக்கு" என்றான் இஸ்மாயில்.

"எனக்குச் சப்புன்னு இருக்கு."

"நீ ஊறுகாய் தின்னுட்டு வந்திருப்பே."

அது உண்மைதான். கங்காவுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. இஸ்மாயில் சமையலறை அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுத்து வந்தான். "ஒரு கை அள்ளிப் போட்டுருவோமா?"

"ஒரு கைன்னா உன் கையா, என் கையா? கணக்குத் தெரியாமப் போட்டா இருக்கிற உசிரும் போயிரும். வைடா அங்கே!"

நாக்கை நம்ப முடியாது. பின்னே எதை நம்புவது? அந்த நேரம் பார்த்து அம்மா பேச்சியம்மாள் பால் கறந்துகொண்டு உள்ளே வந்தாள். வந்ததும் வழக்கம் போல ஒரு நீளமான கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டாள். அதுதான் பால் மானி. ஒரு தடவை சாயாக் கடைச் சேட்டன், "பாலில் வெள்ளமுண்டல்லோ" என்று சொல்லிவிட்டார். வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர். அந்தக் கோபத்தில் அம்மா வாங்கியது அது. நல்ல கனமான பாலில் அது தலையை நீட்டிக்கொண்டு மிதக்கும். தண்ணீர் கலந்த பாலில் கழுத்து வரைக்கும் முங்கிவிடும். அது நாக்கு மாதிரி ஊறுகாய் தின்பதில்லை. பொய் சொல்வதும் இல்லை.

"அம்மா, அந்த மீட்டரைக் கொஞ்சம் தாயேன்."

"எதுக்கு?"

"கடல் தண்ணிய அளக்க."

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? பால்ல முங்குற சாமான் அது!" என்று ஆரம்பித்த அம்மா, மகளின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். "நல்லாக் கழுவித் தரணும். உடைஞ்சுது, அப்புறம் இருக்கு உனக்கு."

அப்பா தீவிலிருந்து மீன்களைக் கொண்டுவந்த கேனில், கொஞ்சம் நடுக்கடல் தண்ணீர் இன்னும் மிச்சம் இருந்தது. கங்கா முதலில் அதை அளந்தாள். குழாய் தலை நிமிர்ந்து நின்றது. கிட்டத்தட்ட, நல்ல பாலுக்கென்று அதில் போட்டிருந்த பால் கோட்டுக்கே வந்துவிட்டது!

அடுத்தது, கடற்கரையிலிருந்து கொண்டுவந்த புதுத் தண்ணீர். குழாய் சர்ரென்று கழுத்து வரை முங்கியது.

கடைசியில் தொட்டித் தண்ணீர். குழாய் இரண்டுக்கும் நடுவில் தத்தளித்தது.

"நாமளே உப்பைக் குறைச்சிருக்கோம்டா" என்றாள் கங்கா மெதுவாக. "ஒவ்வொரு வாரமும்."

"கடல்ல எப்படிட்டி உப்பு இல்லாமப் போகும்?" என்ற இஸ்மாயில், சட்டென்று நெற்றியைத் தட்டிக்கொண்டான். "ஏ, கரையெல்லாம் பச்சைப்பசேல்னு பாயல் செடி ஒதுங்கிக் கிடந்துச்சே! அது ஆத்துலயும் வாய்க்கால்லயும் வளர்றதுதானே? உப்புல கருகிருமே!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலையில் பெய்த மழையெல்லாம் ஆறு ஆறாக ஓடி, காயலில் விழுந்து, காயல் கடலோடு சேரும் கொச்சி அழிமுகம் வழியாகத்தான் வெளியே போகிறது. அந்த அழிமுகத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் அவர்கள் கேனை நிரப்பியிருந்தார்கள். கடற்கரையில் நின்றுகொண்டு ஆற்றுத் தண்ணீரை அள்ளி வந்திருக்கிறார்கள்!

"அப்போ கடல் எங்கேதான் போச்சு?" என்றான் இஸ்மாயில்.

கங்கா அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா ஆறிய பாலின் மேலிருந்து ஆடையை எடுத்துக்கொண்டிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆடை ஏன் மேலயே நிக்கிது?"

"அது லேசானது. லேசானது மேல வரும், கனமானது கீழ நிக்கும். இதுகூடத் தெரியாதா?"

கங்கா துள்ளி எழுந்தாள். "ஆத்துத் தண்ணி லேசு! உப்புத் தண்ணி கனம்! கடல் எங்கேயும் போகலைடா. கீழ இருக்கு!"

கீழே இருப்பதை எப்படி எடுப்பது? கனமான ஒரு சர்பத் குப்பியில் கல்லைக் கட்டினாள். குப்பியின் கழுத்தில் தடித்த கயிறு. வாயை அடைத்த தக்கையில் மெல்லிய கயிறு. குப்பி அடிக்குப் போனபிறகு மெல்லிய கயிற்றைச் சுண்டினால் தக்கை கழன்றுவிடும். அடித்தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அதற்கு ஆழம் உள்ள இடம் படகுத்துறைதான்.

"படகுத்துறைக்குத் தனியா ஒண்ணும் போக வேண்டாம். நானும் வாரேன்" என்றாள் அம்மா. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பால் பாத்திரங்களோடு அவளும் கூட நடந்தாள். பின்னால் சந்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் வந்தார்கள்.

போர்ட் கொச்சிப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் சேட்டன் கயிற்றையும் குப்பியையும் பார்த்தார்.

"எந்தா மோளே, மீன் பிடிக்கானோ?"

"இல்ல சேட்டா, தண்ணி பிடிக்க."

சேட்டன் வயிறு குலுங்கச் சிரித்தார். "வெள்ளத்தில் வெள்ளம் பிடிக்கானோ!" என்று கேலி செய்தாலும் நல்ல மனுஷர். கடல் உள்ளே ஏறி வரும் நேரம் எது என்று கங்கா கேட்டதும், "உச்சைக்கு" என்று சொல்லி, மதியம் வரை நிழலில் உட்காரச் சொன்னார்.

மதியம் குப்பி இறங்கியது. கங்கா கயிற்றைப் பிடித்திருந்தாள். இஸ்மாயிலுக்குப் பொறுமை இல்லை. பாதி வழியிலேயே தக்கையைச் சுண்டிவிட்டான். மேலே வந்த தண்ணீரில் குழாய் பாதிக்கு மேல் முங்கியது.

"உன் கையை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கியா?"

"இனிமே நீ சொன்னாத்தான் இழுப்பேன்" என்று அவன் தன் காதைப் பிடித்துக்கொண்டான்.

மறுபடி குப்பி இறங்கியது. இறங்கி இறங்கி, கயிறு தளர்ந்தது. அடி!

"இழு!"

களக் களக் என்று குமிழிகள் மேலே வந்தன. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கங்கா குப்பித் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, குழாயை மெதுவாக விட்டாள். அது ஒரு தடவை முங்கியது. பிறகு எழுந்து, தலையை நீட்டி, பால் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"கடல்!" என்று இஸ்மாயில் குதித்தான். படகுத்துறையே திரும்பிப் பார்த்தது. சேட்டன் டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு எழுந்து வந்து குழாயைக் குனிந்து பார்த்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

குப்பி குப்பியாகத்தான் பாத்திரம் நிறைய வேண்டும். பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு கயிறு இழுத்தார்கள். திரும்பும் வழியில் ஒருவர், "சேச்சி, பால் உண்டோ?" என்று கேட்டார்.

"பால் இல்ல, கடல்!" என்றாள் பேச்சியம்மாள். அதைச் சொல்லும்போது அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இஸ்மாயில் பாத்திரத்தைத் தொட்டிக்கு மேல் தூக்கிவிட்டான். கங்கா தடுத்தாள்.

"பொறு. சேறு அடங்கட்டும். அப்புறம் செம்பு செம்பா ஊத்தணும். கன்னுக்குட்டி சீக்குல கிடந்தா அம்மா ஒரேயடியாவா தீனி வைக்கிறா?"

அப்படியே செய்தாள். வடிகட்டி, ஒரு செம்பு எடுத்து, ஒரு செம்பு ஊற்றி, கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடியும் ஒரு செம்பு. அடுத்த நாளும் படகுத்துறை, அதற்கடுத்த நாளும் படகுத்துறை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளுக்கு வேறு வேலையே இல்லை.

முதலில் மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்தன. பிறகு சின்ன மீன் போட்ட தீனியைக் கொத்தியது. ஒரு நாள் காலையில் ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தபோது, கடல் சாமந்தி ஒரு விரலை வெளியே நீட்டியது. கங்கா அசையாமல் நின்றாள். இன்னொரு விரல். இன்னொன்று. மதியத்துக்குள் எல்லா விரல்களும் விரிந்துவிட்டன. மீன்கள் இரண்டும் அதற்குள் புகுந்து புரண்டன.

"நான் செஞ்சேன்" என்று கங்கா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கேட்க நன்றாக இருந்ததால் இன்னொரு தடவையும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் அப்பா வந்தார். வந்தார் என்ன, ஓடி வந்தார். இரண்டு கையிலும் பெரிய கேன். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"கங்கா! மழையில அழிமுகத்துல உப்பே இருக்காதாம்! கப்பல்ல பேசிக்கிட்டாங்க. உங்கிட்டச் சொல்லாமப் போயிட்டேனே! மீனு..."

அப்போதுதான் தொட்டியைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியில் மூக்கு முட்டுகிற அளவுக்குப் பார்த்தார்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னவள் அம்மாதான். பால் ஆடை, குப்பி, தக்கை எல்லாவற்றையும் சொன்னாள். "என் மக" என்று சொல்லிச் சொல்லிச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கண் கலங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

"சரி, நடுக்கடல்ல மொண்டது. முதல் தரம். ஊத்திருவோம்" என்று கேனைத் தூக்கினார்.

"இருங்கப்பா" என்றாள் கங்கா.

கேனிலிருந்து ஒரு செம்பு எடுத்தாள். குழாயைக் கழுவித் துடைத்து, அதில் மெல்ல விட்டாள். கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தாள். கப்பலில் நூறு பேருக்குச் சமைத்துப் போடுகிற சங்கிலிப்பாண்டி, கையைக் கட்டிக்கொண்டு, மகள் என்ன சொல்லப் போகிறாளோ என்று பார்த்தபடி நின்றார்.

கங்கா நிமிர்ந்தாள்.

"நல்ல தண்ணிதான்ப்பா. ஊத்தலாம். ஆனா, செம்பு செம்பா."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, அப்பா செம்பைத் தேடப் போனார்.