வராமலிருக்க ஒரு மாத்திரை

"புள்ள பெறாம இருக்கத்தானட்டி இதத் திங்குத!"

சேத்தூரில் அன்று காலை உலை கொதிக்கும் முன்பே சுடலையம்மாள் கொதித்துவிட்டாள். மருமகள் மாரிக்கனியின் சேலைகளுக்கு அடியில் இருந்த மாத்திரை டப்பா அவள் கையில் இருந்தது. மாரிக்கனி ஓடி வருவதற்குள் அத்தனை மாத்திரைகளும் வாசல் சாக்கடையில் விழுந்தன.

"அய்யோ அத்தே... என்ன காரியம் பண்ணிட்டீக!"

"கல்யாணமாகி மூணு வருசம்... ஊரு கேக்குற கேள்விக்கெல்லாம் நாந்தான பதில் சொல்லுதேன்! எங்க வம்சத்தையே அறுக்க வந்தவளா நீ?"

மாரிக்கனி புருஷனைப் பார்த்தாள். போர்வெல் வண்டியோடு வடக்கே போய் வந்த ஜெயபாண்டி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்து நான்கு மாதம். அவன் உடம்பில் கிருமி அடங்கும்வரை, தனக்குத் தொற்றாமலிருக்க அவள் தினமும் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும்; பிள்ளையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். ஆத்தாவுக்குத் தெரிந்தால் செத்துப் போவேன் என்று அவன் அழுததால் அவள் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

அவன் மாத்திரை அரசாங்கத்தில் இலவசம். அவளுடையதை விலைக்குத்தான் வாங்க வேண்டும். வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி கம்பெனியில் லீவு போட்டு, சம்பளத்தை விட்டு, மதுரைக்குப் பஸ் ஏறி... நோய் வந்தவனுக்குச் சும்மா, வராமல் காத்துக்கொள்பவளுக்குக் காசு! இது என்ன நியாயமோ!

"ஏங்க... ஒரு வார்த்த சொல்லுங்களேன்!"

அவன் பழைய சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

அங்கே இரண்டு மருந்துக் கடைகளில் அப்படி ஒரு மாத்திரையே தெரியாது என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, "இது எய்ட்ஸ் மாத்திரையில்ல? யாருக்கும்மா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். பக்கத்தில் நின்ற பெண் விலகினாள்.

"எனக்கு ஒரு நோயும் இல்ல. வராம இருக்கத்தான் கேக்கேன். இருக்கா, இல்லியா?"

"மதுரையிலதான் கெடைக்கும்."

மத்தியானம் வெறுங்கையோடு வந்தவளைத் தெருமுனையிலேயே சுடலையம்மாள் மறித்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"ஒன் பெட்டியத் தூக்கி வெளிய எறியப் போனேன்... அப்பத்தான் வாயத் தொறந்தான். அம்புட்டையும் சொல்லிட்டான்..." மருமகளின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் அடித்துக்கொண்டாள். "என்னைய அடி தாயி! இத்தன ஏச்சையும் வாங்கிக்கிட்டு எப்படிட்டி இருந்த?"

"விடுங்க அத்தே... இன்னைக்கு மாத்திரைக்கு நான் எங்க போவேன்?"

சுடலையம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஏலே! சட்டையப் போட்டுட்டு வெளிய வா! மதுரைக்குப் போயி நீ வாங்கிட்டு வா. யாருக்குன்னு எவனாச்சும் கேட்டா, எம் பொண்டாட்டிக்குன்னு சத்தமாச் சொல்லு!"

ஜெயபாண்டி வந்து நின்றான். "குடு... நான் போறேன்" என்றான். மாரிக்கனி சீட்டை அவன் கையில் வைத்தாள். அவன் தெருவைத் தாண்டும்வரை விறைத்து நின்றவள், மாமியாரின் தோளில் சாய்ந்து, நான்கு மாதமாக அழாததை எல்லாம் அழுது தீர்த்தாள்.