கைவிட்டுப் போன ஜூலை வாரம்

மூன்றாம் நாளும் மழை விட்டபாடில்லை. மல் என்ற தீவின் மேற்குக் கரையில் ஜூலை மாதத்து மழைக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது. மேலிருந்து பெய்வது போதாதென்று பக்கவாட்டிலும் பெய்யும். அடுப்பைச் சுற்றி ஏழு ஜோடி சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தன. கூரை ஒழுகி, மாடிப்படியடியில் வைத்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. ரோனா ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். வாடகை வீட்டில் தங்கி, அவரவரே சமைத்துச் சாப்பிடும் விடுமுறை என்று பேர்தான். அந்த 'அவரவர்' கல்யாணமான நாளிலிருந்து ரோனா ஒருத்திதான்!

"கஞ்சி அடிபிடிக்குது போல..." என்றாள் மோர்வென். ரோனாவின் கணவன் டூகலுக்கு ஒரே தங்கை.

"இல்லம்மா. கிளறிக்கிட்டேதானே இருக்கேன்."

"அம்மா இருந்தப்போ இந்த அடுப்படியில பாட்டுச் சத்தம் கேக்கும். இப்போ கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேக்குது."

டூகல் ஜன்னலடி மேசையில் படப்புதிர்த் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தான். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் போதெல்லாம் அவனுக்கு ஏதாவது ஒரு துண்டு அவசரமாகத் தேவைப்படும்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் ஒரு வாரம் ஒரு குடும்பத்துக்கு என்று ஆகிவிட்டால், அவர்களாக விடும்வரை மற்றவர்களுக்குக் கிடைக்காது. ஜூலை மூன்றாம் வாரம், டூகலின் அம்மா இஷ்பெல்லின் வாரம். முப்பத்தெட்டு வருடம் ராணி மாதிரி ஆண்டாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அதை விட்டுக்கொடுத்தவள் ரோனா! "மழையில உங்க எல்லாருக்கும் ஆக்கிப்போட்டு எனக்கு அலுத்துப்போச்சு. இனிமே வாரம் வேண்டாம்னு வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். கேட்ட அத்தனை பேரும் அவளை முறைத்தார்கள். இஷ்பெல் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

விட்ட வாரத்தை வேறொரு குடும்பம் பிடித்துக்கொண்டது. இஷ்பெல்லுக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பியது. எட்டு வருடம் ரோனாவின் பராமரிப்பில் இருந்து, அவள் மடியிலேயே கண்ணை மூடினாள். அம்மா மனம் உடைந்துதான் நினைவிழந்தாள் என்று மோர்வென் அன்றே முடிவு கட்டிவிட்டாள். இந்த வருடம் அந்தக் குடும்பம் விலகியதும் முந்திக்கொண்டு வாரத்தைப் பிடித்தவளும் அவள்தான்.

"சீக்கிரம் வாங்க! இங்க வந்து பாருங்க!" என்று டூகல் ஜன்னலடியிலிருந்து கத்தினான்.

கடலுக்கு மேலே நிமிர்ந்து நின்ற கரும்பாறையிலிருந்து விழவேண்டிய அருவி விழவில்லை. காற்று அதை அப்படியே தூக்கி மேலே எறிந்துகொண்டிருந்தது! வெள்ளை வெளேரென்று தண்ணீர் மலைக்கே திரும்பிப் போயிற்று. ஒன்றல்ல, ஐந்தாறு அருவிகள். ரோனா கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். எத்தனை முறை பார்த்தாலும் இதன் எதிரே மனிதருக்குப் பேச்சு வருவதில்லை.

மோர்வென்தான் முதலில் உடைந்தாள். "இதுக்குத்தானே அம்மா வருஷம் முழுக்கக் காத்துக்கிட்டிருப்பாங்க... அதைப் போய் பறிச்சுட்டீங்களே, அண்ணி! நாலு வேளை சமைக்கிற அலுப்புக்காக! எங்கம்மாவைக் கொன்னது நோய் இல்ல... நீங்கதான்!"

"மோர்வென்!" என்று டூகல் எழுந்தான்.

"சொல்லட்டும், விடுங்க" என்றாள் ரோனா.

"போதும்டி, வாயை மூடு!"

அதட்டியது வீட்டுக்காரி பெகி. சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றாள். ஒழுகும் கூரையைப் பார்க்க ஏணியோடு வந்திருந்தாள்.

"பெகியக்கா, வேண்டாம்..." ரோனா கெஞ்சினாள். "சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீ பண்ணின. நான் பண்ணல. அவளே போய்ச் சேந்துட்டா, இன்னும் யாருக்காக இந்தப் பேச்சைக் கேக்குற?" பெகி மோர்வென் பக்கம் திரும்பினாள். "உங்கம்மா எதிர்ல இருக்கிற தீவுக்குக் கடல் நத்தை பொறுக்க எப்படிப் போவா?"

"மணல்ல நடந்துதான். கடல் வத்துற நேரமெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். நேர அட்டவணையே பாக்க மாட்டாங்க."

"அந்த மனப்பாடம்தான் தப்பிப்போச்சு. கடைசி வருஷம், ஒருநாள் காலையில, கடல் ஏறுற நேரத்துல வாளியைத் தூக்கிக்கிட்டு நடந்துட்டா. நான் என் வீட்டு ஜன்னல்லருந்து பாத்தேன். இடுப்புத் தண்ணி... அப்புறம் கழுத்து. அவ பாட்டுக்குப் பாடிக்கிட்டே போறா! நான் கயித்தைத் தேடி எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள இவ எறங்கிட்டா."

பெகி ரோனாவைச் சுட்டிக்காட்டினாள்.

"நான் கயித்தை வீசி ரெண்டு பேரையும் இழுத்தேன். கரைக்கு வந்ததும் உங்கம்மா இவ காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. 'எம் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம். என்னைப் பாவமா பாக்க ஆரம்பிச்சிடுவா'ன்னு. மறுவருஷம் இங்க வந்தா மறுபடி நடந்துடுவா. காரணத்தையும் சொல்லக் கூடாது... அதான் வாரத்தை விட்டுட்டு, பழியை இவ தன் தலையில போட்டுக்கிட்டா."

டூகலின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. "என்கிட்டகூடச் சொல்லலியே ரோனா..."

மோர்வென் யாரையும் பார்க்கவில்லை. மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் மழைக்குள் இறங்கினாள். ரோனா பின்னாலேயே ஓடினாள்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்த்தீவுக்கும் கரைக்கும் நடுவே, காலையில் மணலாக இருந்த இடத்தில், சாம்பல் நிறத் தண்ணீர் முறுக்கிக்கொண்டு ஓடியது. ஆள் உயரக் கட்டை ஒன்று அதில் சுழன்று, கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. மோர்வென் அந்தத் தண்ணீரையே பார்த்தாள். பிறகு திரும்பி, முழங்கையில் கஞ்சி ஒட்டிய, மூச்சு வாங்கும் அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தாள். இப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

"இதுலயா எறங்கினீங்க?"

"ம்."

"அண்ணி... உங்களுக்கு நீச்சல் தெரியாதே!"

"தெரியாது."

"அப்புறம் எப்படி...?"

ரோனா யோசித்தாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. "அவங்க முதுகு தெரிஞ்சுதும்மா. அதையே பாத்துக்கிட்டு நடந்தேன். தண்ணியைப் பாத்திருந்தா போயிருக்க மாட்டேன்."

மோர்வென் அப்படியே ஈரக் கற்களின் மேல் மண்டியிட்டாள். "பதினோரு வருஷம்... என்னவெல்லாம் பேசிட்டேன்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க காலைத் தொட்டிருப்பேனே, அண்ணி!"

"அதுக்குத்தான் சொல்லல. உனக்கு உங்கம்மா ராணியாவே இருக்கட்டும்னு நெனச்சேன்."

மோர்வென் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ரோனாவுக்கும் அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து அவளை எழுப்பி நிறுத்தினாள். தண்ணீர் இருவர் செருப்பையும் நனைத்தது. பாறை மேல் அருவிகள் இன்னமும் வானத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன.

"பாட்டுப் பாடிக்கிட்டே போனாங்கன்னு பெகி சொன்னாங்களே..." மோர்வென் விசும்பலுக்கு நடுவே கேட்டாள். "எந்தப் பாட்டு, அண்ணி?"

ரோனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல, சுதி சேராத குரலில், அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினாள்.