வலையில் வந்த இறக்கை

மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் ஊறிக் கிடந்த கிணற்று மூடி சுட்டது.

சஜீவன் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் இருக்கும் சூடு. முற்றத்தில் நனைந்து அழுகும் தென்னோலை வாசத்தினூடே எரிந்த வயரின் நெடி மெல்ல ஏறி வந்தது.

அது மூடியே அல்ல, ஓர் இறக்கைத் துண்டு. எங்கோ முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு நாடுகளில் ஒன்று மற்றதன் ஆளில்லா விமானத்தை நடுக்கடலில் சுட்டு விழுத்தியதாகவும், பதிலடி நிச்சயம் என்றும் வானொலி சொன்ன மறுவாரம், மாம்புரிக் கடலில் அவனுடைய வலையில் ஏறியது.

"நேவிக்குச் சொல்லடா," என்றார் அன்றைக்கு, கூடத் தொழிலுக்கு வரும் அருமைநாயகம்.

"சொன்னா விசாரணை எண்டு போட்டைப் பிடிச்சு வைப்பாங்கள் மாமா. சீசன் போயிடும். நல்ல பைபர், கிணத்தை மூடலாம்."

"அதுக்குச் சொந்தக்காரன் தேடி வந்தா?"

"வரட்டும். ஒரு வாளி தண்ணி அள்ளிக் குடுப்பம்."

மனைவி மெலனி செத்து ஏழு மாதம். நாலு வயது மகள் மார்த்தா கிணற்றை எட்டிப் பார்க்கிறாள். தடுக்க வீட்டில் ஆளில்லை.

இப்போது அவன் மூடியை ஓரமாய் நிமிர்த்தினான். அடிப்பக்கத்தில், ஒட்டிய மட்டிச் சிப்பி என்று நினைத்துச் சுரண்டாமல் விட்ட கறுப்பு வட்டம். கண்ணாடி. மார்த்தா முற்றத்தில் ஓடினாள். அது திரும்பியது. அவள் நின்றாள். அதுவும் நின்றது.

"அப்பா, அது என்னைப் பாக்குது."

"உள்ள போ. கதவைச் சாத்து."

சாக்கைச் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வீசினான். மூழ்கியது. மூச்சு வந்தது.

அப்போதுதான் சத்தம். தகரப் பேணிக்குள் அடைபட்ட வண்டுகளின் இரைச்சல்.

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அருமைநாயகம் எழுந்தார்.

"சஜீவன்... மேல பாரடா."

மேகத்துக்குக் கீழே வரிசையாய்ப் புள்ளிகள். இறக்கை மூழ்கிய இடத்துக்கு வந்தன. நிற்கவில்லை. கரை. தென்னைகள். அவன் வீடு.

அங்கே நின்றன.

கிணறு திறந்து கிடந்தது.

ஓடினான்.

கதவு சாத்தியிருக்கவில்லை. கிணற்றுக் கட்டின் விளிம்பில் மார்த்தா. தூக்கச் சொல்லும்போது செய்வதுபோல் இரண்டு கைகளையும் மேலே நின்றவற்றை நோக்கி நீட்டியிருந்தாள். சிரித்தாள். அவளுடைய பாதங்களுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது.