தூசி படியாத கண்ணாடி

கண்ணாடியில் தூசியே இல்லை. மலர்விழிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

திண்டிவனம் பைபாஸை ஒட்டி இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்தில், தூணிலும் சுவரிலும் விரிசல் ஓடிய இடங்களிலெல்லாம் விரலளவு கண்ணாடித் துண்டுகளைக் குறுக்கே வைத்து வெள்ளை சிமென்ட்டால் ஒட்டியிருந்தாள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். உடையாதவரை கட்டடம் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். பழைய முறைதான், ஆனால் கண்ணாடி பொய் சொல்லாது. போன வருஷம் லேசாக நிலம் அதிர்ந்த பிறகு, இன்னொரு அதிர்வை மண்டபம் தாங்குமா என்று கண்காணிக்கும் வேலை அவள் இன்ஜினியராக இருக்கும் கம்பெனிக்கு வந்தது. அவள் மேல்தளத்தைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். அங்கே அதிர்வு அளக்கும் பெட்டி ஒன்றை வைத்து, அதைத் தன் செல்போனோடு இணைத்திருந்தாள். கீழ்த்தளத்தில் கல்யாணம் நடத்தலாம் என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். ஒரு கண்ணாடிகூட உடையவில்லையே!

அந்தத் தைரியத்தில்தான் தம்பி அறிவுச்செல்வன் கல்யாணத்துக்கே இந்த மண்டபத்தைப் பிடித்தார்கள். இன்று சாயங்காலம் ரிசப்ஷன். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போன நாட்களில் அவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை, இப்போது கோட்டு சூட்டுடன் மேடையில் நிற்கிறான். அவளுக்குப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. பன்னீர்ச் செம்போடு வாசலில் நிற்க வேண்டியவள், தொழில் புத்தி விடாமல் மாடிப்படி ஓரத் தூணை எட்டிப் பார்த்தாள். ரோட்டுப் புழுதியும் அடுப்புப் புகையும் ஏறி மங்கிப் போயிருக்க வேண்டிய கண்ணாடி, நேற்று வாங்கியதுபோல் பளபளவென்று இருந்தது.

மண்டப மேனேஜர் விருத்தாசலம் சாம்பார் வாளிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“இந்தக் கண்ணாடிய யாருங்க தொட்டது?”

அவர் தலையைச் சொறிந்தார். “கோச்சிக்காதீங்க மேடம். நல்ல காரியம் நடக்குற எடம். ஒடஞ்ச கண்ணாடி கண்ணுல பட்டா பொண்ணு வூட்டுக்காரங்க பேஜாரு பண்ணுவாங்க. அதான் ஒடையறப்பலாம் புதுசு வாங்கியாந்து ஒட்டிக்கினு இருந்தேன்.”

அவள் தூணை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். “ஒடையறப்பலாமா? எத்தினி தபா ஒடஞ்சிது?”

“மூணு நாலு தபா இருக்கும். அப்பால நீங்களே வந்து மாத்திட்டுப் போறீங்களேன்னு நான் வுட்டுட்டேன்.”

“நான் மாத்தலிங்களே.”

“சாயங்காலம் ஒடஞ்சி கெடக்கும். காலைல வந்து பாத்தா புதுசா இருக்கும். நீங்கதான மேடம்?” என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

கைப்பைக்குள் செல்போன் அதிர்ந்தது. மேல்தளப் பெட்டி அனுப்பிய எச்சரிக்கை. எந்தக் கட்டடமும் கண்ணுக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஆளில்லாத தளம் வேகமாக ஆடும், கூட்டம் ஏற ஏற ஆட்டம் மந்தமாகும். திரையில் ஓடிய கோடு மந்தமாக, மிக மந்தமாக ஏறி இறங்கியது. மேல்தளம் நிறைய ஆட்கள் நிற்கிறார்கள் என்றது பெட்டி.

மேல்தளம் பூட்டியிருக்கிறது. சாவி அவள் கைப்பையில் இருக்கிறது.

கூட்டத்தைக் கிளப்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பெட்டி பழுதாக இருந்தால்? நல்ல நாளில் பந்தியைக் கலைத்த நாத்தனார் என்ற பேர் ஆயுசுக்கும் போகாது. ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று படியேறினாள்.

பூட்டு கெட்டியாகத்தான் இருந்தது. திறந்து கதவைத் தள்ளியதும், கீழே கேட்ட பாட்டுக் கச்சேரியும் பிள்ளைகளின் கூச்சலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிப்போய், மல்லிகையும் நெய்யும் கலந்த கல்யாண வாசனையெல்லாம் வாசற்படியோடு நின்றுவிட, அடைத்த அறையின் புழுக்கத்தோடு இன்னொரு வாசனை எழுந்து வந்து மூக்கில் ஏறியது. ஈர சிமென்ட். ஜன்னல் வழியே வந்த மாலை வெளிச்சம் மடக்கி அடுக்கிய நாற்காலிகளின் நிழலைத் தரை நெடுக நீட்டியிருந்தது. தரையில் கனமான தூசி. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

ஆனால் சுவர் முழுக்கக் கண்ணாடிகள். அவள் ஒட்டாத கண்ணாடிகள். விரிசலே இல்லாத நல்ல சுவரில், ஒன்றன்பின் ஒன்றாக, கை நேர்த்தியோடு. கூரையிலிருந்து இறங்கி, ஜன்னலைச் சுற்றி, அவள் நின்ற கதவு வரைக்கும் அந்த வரிசை வந்திருந்தது. ஒன்றைத் தொட்டாள். சிமென்ட் விரலில் ஒட்டியது.

கூரை மூலையில் மெல்லிய சத்தம். டிக்.

அங்கே இருந்த கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. அதன் கீழிருந்து ஒரு விரிசல் புறப்பட்டு, தலைமுடி கனத்தில், அவசரமே இல்லாமல் சுவரில் இறங்கியது. அடுத்த கண்ணாடிக்கு நேராக வளைந்தது. அதன் அடியில் புகுந்தது.

டிக்.

விரிசல் இருக்கும் இடத்தில் கண்ணாடி ஒட்டுவது அவள் வேலை. இங்கே யாரோ கண்ணாடியை முதலில் ஒட்டுகிறார்கள். விரிசல் அதைத் தேடிக்கொண்டு வருகிறது.

டிக். டிக்.

எப்படி இறங்கினாள் என்று தெரியாது. படிச்சுவரில் கண்ணாடி. திருப்பத்தில் கண்ணாடி. ஏறும்போது இல்லாதவை. மேடைக்கு ஓடி, பாடிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“எல்லாரும் வெளிய போங்க! எலய வுட்டுட்டு எந்திரிங்க! ஜல்தி!”

“இன்னாக்கா, இன்னா ஆச்சி?” தம்பி அவள் தோளைப் பிடித்தான்.

“பேசாத அறிவு. பொண்ண இட்டுக்கினு வெளிய ஓடு.”

பெண்ணின் அப்பா ஏதோ கத்தினார். யாரோ அவளைப் பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பந்தியில் இருந்தவர்களைக் கையைப் பிடித்து எழுப்பினாள், கெஞ்சினாள், தள்ளினாள். சுவரும் மரமும் கம்பமும் இல்லாத திறந்த வெளிதான் பத்திரம் என்று ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்தவள் அவள். மண்டபத்துக்கு முன்னால் வண்டி நிறுத்தும் பெரிய சிமென்ட் முற்றத்துக்கு அத்தனை பேரையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். அம்மா வந்துவிட்டாள். பெண் வந்துவிட்டாள். நடுமுற்றத்தில் தம்பி நின்றான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் வந்தது.

“இன்னாக்கா நீ, மண்டபம் அப்டியே நிக்கிதே!” தம்பி தூரத்திலிருந்தே சிரித்தான். விட்ட இடத்திலிருந்து எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

அவள் செல்போனைப் பார்த்தாள். மண்டபத்துக்குள் இப்போது ஒருத்தரும் இல்லை. கோடு அதே மந்தத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

காற்று திரும்பியது. ஈர சிமென்ட் வாசனை.

மண்டபத்திலிருந்து வரவில்லை. காலடியிலிருந்து வந்தது.

குனிந்தாள்.

முற்றம் முழுக்கக் கண்ணாடிகள். செருப்புகளுக்கு நடுவே. பட்டுச்சேலைக் கரைகளுக்கு அடியில். அம்மாவின் கால்விரல் பட்ட இடத்தில். கீறல் ஒன்றுகூட இல்லாத தரையில், வரிசை வரிசையாக, ஈரம் காயாமல். எல்லாம் முழுசாக.

“அறிவு,” என்றாள். “அசையாத.”

முற்றத்து வாசல் கேட் பக்கம் சத்தம் கேட்டது.

டிக்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிக். பக்கத்தில். டிக். கூட்டத்துக்குள் நுழைந்து, கால்களுக்கு நடுவே, அவசரமே இல்லாமல் வந்தது. அவள் கண் அந்த வரிசைக்கு முன்னால் ஓடி, அது எங்கே முடிகிறது என்று பார்த்தது.

கடைசிக் கண்ணாடி தம்பியின் இரண்டு ஷூக்களுக்கும் நடுவில் இருந்தது. அதில் தூசியே இல்லை.