தவிட்டம்மா யார் பிள்ளை?

தஞ்சோங் கிளிங் கடற்கரையில் பஸ் நின்றதும் முதலில் குதித்தவள் தவிட்டம்மாதான். செருப்பு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பின்னாலேயே அவளைப் பெற்ற பூங்காவனம் சட்டி பானை மூட்டையோடு இறங்கினாள். அவளுக்கும் பின்னால், பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, சாவியை விரலில் சுழற்றியபடி வந்தான் அவள் புருஷன் ராஜரத்தினம். பஸ் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை அவனுக்கு. மலாயா சுதந்திரம் வாங்கி மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சந்தோஷத்தில் முதலாளி, கடலோரம் சும்மா கிடந்த தன் பலகை வீட்டில் சில நாள் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார். காஜா பெராங்கில் ஒற்றை அறையில் புழுங்கிக் கிடந்தவர்களுக்கு அதுவே அரண்மனை.

வீடு மரக்கால்கள் மேல் நின்றது. பலகை இடுக்கில் கீழே மணல் தெரிந்தது. அலை ஏறும்போது தண்ணீர் தரைக்கடியில் வந்து, எதையோ தேடிப் பார்த்துவிட்டுப் போவதுபோல் திரும்பியது. உள்ளே உப்பும் காய்ந்த மீனும் கலந்த வாடை. "காத்து நல்லா வருது லா," என்று ராஜரத்தினம் சட்டையைக் கழற்றிப் போட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்று முஸ்லிம்களின் சஃபர் மாதத்துக் கடைசிப் புதன். மலாக்கா மலாய்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, பிடித்த பீடையெல்லாம் போகட்டும் என்று கடலில் குளிக்கும் நாள். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு வரும். ஜோடித்த மாட்டு வண்டிகளும் வயலினும் ரெபானா மேளமுமாகக் கடற்கரை கலகலத்தது. தவிட்டம்மா தண்ணீரை விட்டு வெளியே வர மாட்டேன் என்றாள். பூங்காவனமும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

தவிட்டம்மா என்ற பெயரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பூங்காவனத்துக்கு முதலில் பிறந்த இரண்டும் பல் முளைப்பதற்குள் போய்விட்டன. மூன்றாவது பிறந்த அன்றே, நம் ஜனங்கள் செய்வதுபோல், பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றார்கள். வாங்கியவள் அடுத்த வீட்டு ஹலீமா. மளிகைக் கடைக்காரர் ஜெய்னுலாப்தீனின் மனைவி. ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி, "இனிமே இது எம் புள்ள. நீ எனக்காக வளத்துக் குடு," என்று திருப்பித் தந்தாள். பிள்ளையைத் தேடி வருகிற எதுவாக இருந்தாலும் ஏமாந்து போகட்டும் என்பது கணக்கு. அதனால் தவிட்டம்மா ஹலீமாவை உம்மா என்பாள். பெற்றவளை அக்கா என்பாள். ராஜரத்தினம் அவளுக்கு மாமா. அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தது. பெற்றவளுக்குத்தான் ஒவ்வொரு முறை அக்கா என்று கேட்கும்போதும், ஒரு தடவையாவது அம்மா என்று சொல்லாதா என்றிருக்கும். யாராவது கேட்டால், "யார் பிள்ளையோ, நான் பார்த்துக்கிறேன்," என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

குளித்து ஏறியபோது தென்னை மரத்தடியில் ஒருத்தி பாய் விரித்திருந்தாள். சிப்பி மாலை, சோழிப் பெட்டி, நடுவில் ஒரே ஒரு பொம்மை. இலவம்பஞ்சு அடைத்த துணி உடம்பு, பூப்போட்ட பாஜு சட்டை, கண்ணுக்கு இரண்டு கறுப்புச் சிப்பி. தவிட்டம்மா அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் மலாய்க்காரியா, மலாய் பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பத்தவளா, தமிழச்சியா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. சுற்றிலும் எல்லோரும் நனைந்திருக்க, அவள் முந்தானை மட்டும் காய்ந்து மொடமொடத்தது. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே மலாயில் கேட்டாள்.

"ஈனி அனாக் சியாப்பா?"

இது யார் பிள்ளை என்ற கேள்வி. ஆறு வருஷமாகச் சொல்லி வந்த பதில் பூங்காவனத்தின் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் வெயிலும் சிரிப்பும் தலைக்கேறியிருந்த நேரம். இந்த ஒரு நாளாவது சொல்லிக்கொள்ளக் கூடாதா என்று ஓர் ஆசை.

"அனாக் சாயா!" என்றாள் நிமிர்ந்து. போதாதென்று தமிழிலும் சொன்னாள். "எம் புள்ள. என் வயித்துல பொறந்தது."

அந்தப் பெண் சிரித்தாள். பொம்மையை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தாள். காசு நீட்டியதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். பாயைச் சுருட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு பொம்மைதான் எல்லாம். பிள்ளை அதைக் கழுத்துவரை மணலில் புதைத்தாள், மணல் சோறு ஊட்டினாள், அலையில் முக்கி எடுத்தாள். ராஜரத்தினம்கூட அதற்கு ஒரு சலாம் வைத்தான்.

"பாப்பாவுக்கு என்ன பேரு வெச்சிருக்க?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"அது என் பேரக் கேக்குது அக்கா."

"குடுத்துட்டியா?"

"ம்."

பூங்காவனம் சிரித்தாள். விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் பொம்மையைக் கொடியில் காயப் போட்டாள். நல்ல உச்சி வெயில். துண்டு, சேலை, பாய் எல்லாம் காய்ந்தன. பொம்மை காயவில்லை. தொட்டால் ஈரத்துக்குள்ளே ஒரு வெதுவெதுப்பு. தவிட்டம்மாவைக் கடலுக்குக் கூப்பிட்டால், வேண்டாம் என்று படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்தபோது, அத்தனை வெயிலிலும் குளிர்ந்து கிடந்தது.

தங்க வந்த நாள் முடியும் முன்பே மூட்டையைக் கட்டினார்கள்.

காஜா பெராங்குக்கு வந்து பிள்ளை படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றார். வாயில் ஊட்டிய கஞ்சி வழிந்து தலையணை நனைந்தது. கண் திறந்தே இருந்தது. இமைக்கிறாளா என்று பூங்காவனம் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். தன் கண்ணில் நீர் முட்டும்வரை பார்த்தாள்.

பிள்ளை இமைக்கவில்லை.

பக்கத்தில் படுத்திருந்த பொம்மையின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

பூங்காவனம் அலறிக்கொண்டு ஹலீமா வீட்டுக்கு ஓடினாள். நடந்ததைக் கேட்ட ஹலீமா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"எம் புள்ளன்னு சொன்னியா? வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியலியா புள்ள ஒனக்கு?"

"தெரியாம சொல்லிட்டேன் ஹலீமாக்கா. ஆசையில வந்துடுச்சு. எப்படியாச்சும் காப்பாத்துங்க."

"அழாத. மறுபடியும் வித்துடு. நான் வாங்கிக்கிறேன். அந்தப் பொம்மைய வந்த எடத்துலயே போட்டுட்டு வரச் சொல்லு ஒம் புருஷன."

முறத்தில் தவிட்டைப் பரப்பி வைத்தார்கள். பிள்ளையின் கையிலிருந்து பொம்மையைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யார் யாரைப் பிடித்திருந்தது என்றே தெரியவில்லை. பிறகு பூங்காவனம் பிள்ளையைத் தூக்கினாள். ஆறு வயதுப் பிள்ளை கையில் கனக்கவே இல்லை. தலையணையைத் தூக்குவதுபோல் இருந்தது. நோயில் இளைத்துவிட்டாள் என்று நினைத்து அழுதாள். ராஜரத்தினம் பொம்மையைக் கோணிப்பையில் போட்டுச் சைக்கிளில் ஏற்றும்போது கை தாழ்ந்தது. பஞ்சு கடல் தண்ணீர் குடித்திருக்கும் என்று நினைத்தான்.

"இது என் பிள்ளை இல்லை," என்று பூங்காவனம் ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

ஹலீமா தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி, முன்போலவே வளர்த்துக் கொடு என்று திரும்பப் பாயில் கிடத்திவிட்டுப் போனாள்.

மத்தியானம் சாய்ந்த நேரம். பாயில் கிடந்த பிள்ளை சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. கன்னத்தில் ரத்தம் ஓடியது. கண் இமைத்தது.

"பசிக்குது அம்மா," என்றது.

அம்மா! பூங்காவனம் அப்படியே வாரி அணைத்துக்கொண்டாள். ஆறு வருஷமாகக் காது ஏங்கிய சொல். அது எப்படி இந்த வாயில் வந்தது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டிக் கொடுத்தாள். பிள்ளை வாங்கி வாங்கித் தின்றது. இன்னும் கேட்டது.

அப்போதுதான் ராஜரத்தினம் வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போட்டுட்டீங்களா?"

"போட்டேன்."

"ஏன் நனைஞ்சிருக்கீங்க?"

"அது மெதக்கல பூங்காவனம். கல்லு மாதிரி உள்ள போச்சு. போகும்போது கூப்பிட்டுச்சு."

"என்னன்னு?"

"மாமா, குளுருதுன்னுச்சு."

பூங்காவனத்தின் கையிலிருந்த சோற்று உருண்டை கீழே விழுந்தது.

"நான் குதிச்சேன். முங்கி முங்கித் தேடுனேன். இல்ல. எங்கயும் இல்ல."

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்கம்மா," என்றது பாயில் இருந்தது.

அன்று பொழுது சாயும்வரை இருவரும் கடலைப் பிடித்து உலுக்காத குறை. வலைக்காரர்கள் இரக்கப்பட்டு வலை போட்டார்கள். பாசியும் நண்டும் வந்தன. எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பிள்ளை என்று சொல்ல முடியவில்லை. போலீஸுக்குப் போவதா? பிள்ளை வீட்டில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறதே! எவனிடம் போய் என்னவென்று முறையிடுவது? பெற்ற பிள்ளையைத் தன் வாயாலேயே இல்லை என்று சொல்லி, தகப்பன் கையாலேயே கடலில் போடவைத்தாயிற்று. பூங்காவனம் மணலில் விழுந்து புரண்டாள். கடல் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஹலீமா வந்து பார்த்தாள். பிள்ளை அவளை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. "நான் வாங்குன புள்ள இது இல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கிப் போனாள். பிறகு அவள் அந்தப் படி ஏறவில்லை.

ராஜரத்தினம் வேலை முடிந்தும் பஸ் கம்பெனியிலேயே உட்கார்ந்திருப்பான். பூங்காவனத்துக்கு அப்படிப் போய் உட்கார ஓர் இடமில்லை. அவள் அதற்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், தலை வாரிவிட்டாள். அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. அதே மச்சம், அதே சுழி. அது நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. சொன்ன சொல் தட்டுவதில்லை. நாளுக்கு நூறு தடவை அம்மா என்று கூப்பிட்டது.

வருஷம் திரும்பியது. பூங்காவனத்துக்கு நாள் தள்ளிப்போனது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. சேலையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, மசக்கையை வாயைப் பொத்தி அடக்கினாள். இதையாவது யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வெறி.

ஒரு மத்தியானம், வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. பூங்காவனம் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று திரும்பி, அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்தது. கை வெதுவெதுப்பாக இருந்தது.

"இது யார் பிள்ளை அம்மா?"

என் பிள்ளை என்றால் முடிந்தது. என் பிள்ளை இல்லை என்று முன்பொரு நாள் சொன்னாளே, அப்போதும் முடிந்தது. எந்தப் பதிலும் மிச்சமில்லை. சீப்பைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

வயிற்றுக்குள் அதுவரை அசையாதிருந்தது, முதல் முறையாக அசைந்தது. அந்தக் கை இருந்த பக்கமாக நகர்ந்தது.

பிள்ளை காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நிமிர்ந்து, ஆசையாகச் சொன்னது.

"தம்பிக்கும் ஒரு பொம்மை வாங்கணும்மா."