யாரை வீழ்த்துபவர்கள்?

மொட்டை மாடியில் ஏதோ தொப்பென்று விழுந்தது. அவள் அப்போதுதான் "விழுந்தவர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

எபிரேயச் சொற்களுக்குத் தமிழ் அகராதி தொகுப்பது அவள் வேலை. எந்தப் பொருளையும் எழுதுவதற்கு முன் உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். காதில் ஒட்டாதது காகிதத்திலும் ஒட்டாது என்பது அவள் கட்சி. பஸ் ஓட்டும் கணவன் அவளை "அகராதி" என்றுதான் கூப்பிடுவான். அது வேலையைச் சொல்கிறதா, திமிரைச் சொல்கிறதா என்று அவளும் கேட்டதில்லை.

இன்றைய சொல் நெபிலீம். பைபிளில் வரும் ஆதிகாலத்து இராட்சதர்களின் பெயர். வேரைத் தோண்டினால் விழுதல் என்று வருகிறது. அவர்கள் விழுந்தவர்களா, பிறரை வீழ்த்துபவர்களா என்பதில்தான் படித்தவர்களுக்குள் இன்னும் இழுபறி.

இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். மேலே மறுபடி விழுந்தது. இந்த முறை சுண்ணாம்புத் தூள் மேஜைமேல் உதிர்ந்தது.

முகம் துடைத்தபடி வந்த கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"விழுந்தவங்கன்னா தூக்கி விட வேண்டியதுதானே? இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிறியே, அகராதி."

"வேண்டாங்க. மேல போகாதீங்க."

தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் ஆடுகிறது, கட்டிவிட்டு வருகிறேன் என்று அவன் படியேறினான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவனுடைய செருப்புச் சத்தம் மாடிக்குப் போய், தொட்டிப் பக்கம் நடந்து, அங்கேயே நின்றுபோக, அதற்கு எதிர்ப்பக்கமிருந்து வேறொரு காலடி, அவசரமே இல்லாமல், உத்தரம் நெரிய, விளக்கு ஆட, புதிதாய் வெட்டிய குழியின் ஈரமண் வாடையை ஜன்னல் வழியே உள்ளே தள்ளிக்கொண்டு, அவள் தலைக்கு நேர்மேலே வந்து நின்றது.

"யாரது?" என்றான் கணவன், மேலே. அவன் குரல் நடுங்கி அவள் கேட்டதே இல்லை.

அவனை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். அவளிடம் இருந்ததோ சொல் மட்டும்தான். விழுந்தவர்கள் என்று சொன்னதால்தானே விழுகிறார்கள்? அப்படியானால் பொருளை மாற்றிவிட்டால் விழுவது நின்றுவிடும். காகிதத்தில் குறித்து வைத்திருந்த அந்தச் சொல்லைப் பரபரவென்று கோடு போட்டு அடித்தாள். மூளைக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"வீழ்த்துபவர்கள்."

மேலே எல்லாம் அடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் இலக்கணம் உறைத்தது. விழுவதற்குத் துணை வேண்டாம். வீழ்த்துவதற்கு ஓர் ஆள் வேண்டும்.

யாரை?

ஜன்னலுக்கு வெளியே கணவன் தலைகீழாகக் கடந்து போனான்.

சத்தம் பிறகுதான் வந்தது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். நாலு மாடிக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் கிடந்தான். ஒரு கால் முதுகுப் பக்கம் மடங்கியிருந்தது. ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. விரல்கள் அசைந்தன. உயிர் இருந்தது.

வாசலுக்குத் திரும்பினாள். ஜன்னல் இருண்டது.

ஒரு கை இறங்கியது. மணிக்கட்டு. முழங்கை வரவேயில்லை. மயிரடர்ந்த தோல், ஜன்னல் கம்பிகளை உரசிக்கொண்டு, இறங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு ஏறியது. கைக்குள் அவன். நெஞ்சு நசுங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. ஜன்னலைக் கடக்கையில் அவளைப் பார்த்தான். "சொல்லாத" என்றான், வாயெல்லாம் ரத்தமாக.

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேலே யாரோ அவள் குரலிலேயே, எழுத்துக் கூட்டி, நிதானமாகச் சொல்லிப் பார்த்தார்கள்.

"வீழ்த்து... பவர்கள்."

அவன் விழுந்தான். எலும்பு உடைவது நாலு மாடிக்கும் கேட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. பல் உதட்டில் இறங்கியது.

கை மறுபடி இறங்கியது. இந்த முறை அள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஜன்னலைக் கடக்கையில் அந்தக் கண் இன்னும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.